லீவுக்கு எந்தப் படம்? பைக் சத்தம் கேட்டாத்தான் தூங்குற பையனோட அம்மாவுக்கு

கொங்குப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பேரும் ஊரும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால போடல. (இது 2025 ஏப்ரல் கடைசில எழுதினது, கீழ வர்ற படம், தேதி எல்லாம் அந்த வருஷக் கோடை லீவுக்குத்தான்.) நாலு பக்கக் கடிதம், அதோட சாரம் இதுதான்.

அவங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க, பொண்ணுக்கு 14, பையனுக்கு 8. வீட்டுக்காரர் டையிங் யூனிட்ல ஷிப்ட் வேலை, ராத்திரி வீடு வர பத்தரை பதினொண்ணு ஆயிடும். மனுஷனுக்கு சினிமான்னா உயிரு. மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு பெரிய ஹீரோ படத்துக்கு குடும்பத்தோட நைட் ஷோ போயிருக்காங்க. யுஏ 16+ படம். "அப்பா அம்மா கூடப் போனா யுஏ படம் பார்க்கலாம்னுதானே சென்சாரே சொல்லுது"ன்னு நம்பிப் போனதா எழுதியிருக்காங்க. இன்டர்வெல்லுக்கு முன்னாடி ஒருத்தர் வீட்டுல இருந்து பைக்ல கிளம்பிப் போறாரு, வழில வெட்டிடுறாங்க. பையன் காதைப் பொத்திக்கிட்டு அம்மா மடில கவுந்தவன் படம் முடியுற வரைக்கும் எந்திரிக்கல. அன்னிலருந்து தனியா படுக்க மாட்டேங்குறான், ரெண்டு தடவ படுக்கைல மூத்திரம் போயிட்டான், ராத்திரி அப்பா பைக் சத்தம் கேக்குற வரைக்கும் கட்டில்ல உக்காந்தே இருக்கான். பாட்டி ஏதோ காத்து கருப்புன்னு மந்திரிச்சு கயிறு கட்டியிருக்காங்க. அப்பா "ஆம்பளப் பய, இன்னொரு தடவ அதே படத்துக்குக் கூட்டிட்டுப் போனா பயம் தெளிஞ்சிடும், நாங்க பார்க்காத படமா"ங்குறாரு. அம்மா ஒரேயடியா லீவு முடியுற வரைக்கும் யாரும் தியேட்டர் பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப பொண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு சாப்பிடக்கூட வர மாட்டேங்குறா, ஏன்னா மே 1க்கு ஃப்ரண்ட்ஸ் எல்லாம் சூர்யாவோட ரெட்ரோ இல்லன்னா தெலுங்குலருந்து டப் ஆகி வர்ற ஹிட் 3, ரெண்டுல ஒண்ணு போறதா பேசி வெச்சிருக்காங்க. "பையனுக்கு மனநோய் வந்துடுச்சா? நான் தடை போட்டது தப்பா? அப்படிப் போகலாம்னா எந்தப் படத்துக்குப் போகலாம்?" இதுதான் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதல்ல உங்க பையன். மனநோய் எல்லாம் இல்லம்மா. நீங்க எழுதினத நான் மூணு தடவ படிச்சேன், மூணாவது தடவதான் ஒண்ணு கண்ல பட்டுச்சு, நீங்க போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்க: "அப்பா பைக் சத்தம் கேட்டதும் படுத்துடுறான்". பேய்க்குப் பயப்படுற புள்ள பைக் சத்தம் கேட்டதும் தூங்க மாட்டான். படத்துல பைக்ல கிளம்பிப் போன மனுஷன் வீடு திரும்பல, நம்ம வீட்டுலயும் ஒருத்தர் பைக்ல கிளம்பிப் போறாரு, பாதி ராத்திரி ஆகுது, இன்னும் வரல. அவன் காவல் இருக்கான் சகோதரி. அப்பா வந்து சேந்துட்டாருன்னு உறுதியானப்புறம்தான் அந்தக் குட்டி உடம்பு தளருது.

இது அந்த வயசுக்கே உள்ள பயம். நாலஞ்சு வயசுப் புள்ளைங்க பார்க்க கொடூரமா இருக்குறதுக்குத்தான் பயப்படும், கோரமான மூஞ்சி, பல்லு, இருட்டு. அது பொம்மைன்னு சொன்னாலும் மண்டைல ஏறாது. ஏழெட்டு வயசு ஆயிட்டா பேயி பொய்னு புரிஞ்சிடும், ஆனா நெஜத்துல நடக்கக்கூடியது எல்லாம் அப்பதான் பயமா மாறும், திருடன், ஆக்ஸிடென்ட், அப்பா அம்மா செத்துப்போறது. அதனால "அது சும்மா சினிமாடா"ன்னு நீங்க எத்தன தடவ சொன்னாலும் அவனுக்கு ஆறுதல் கிடைக்காது, சினிமான்னு அவனுக்கே தெரியும், அவன் கேக்குறது நம்ம அப்பா வந்துடுவாரான்னு.

படுக்கைல போனது பயத்துல வர்றதுதான், திட்டாதீங்க, அக்காவ கிண்டல் பண்ண விடாதீங்க, விரிப்ப மாத்திட்டு ஒண்ணும் பேசாம படுக்க வைங்க. பாட்டி கட்டின கயிறு இருந்துட்டுப் போகட்டும், பேரன் மேல இருக்குற பாசத்துல கட்டினது. ஆனா அவன் காதுல விழுற மாதிரி காத்து கருப்புன்னு பேச வேண்டாம்னு மட்டும் பக்குவமா சொல்லுங்க, இருக்குற பயம் போதும், புதுசா ஒண்ணு சேர வேண்டாம்.

யுஏ பத்தி ஒரு திருத்தம்

யுஏ-ன்னா அப்பா அம்மா கூட வந்தா பிரச்சனை இல்லன்னு நெனச்சிருக்கீங்க, உங்கள மாதிரி முக்காவாசிப் பேரு அப்படித்தான் நெனைக்குறாங்க. அது அனுமதி இல்ல, பெத்தவங்களுக்கு வெச்ச எச்சரிக்கை. 1983லருந்து யுஏ ஒரே பிரிவாத்தான் இருந்துச்சு, 12 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்கன்னா பெத்தவங்க யோசிச்சுக்கணும்னு. 2023ல ஒளிப்பதிவுச் சட்டத்தத் திருத்தி, 2024ல புது விதி வந்து, இப்ப யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+னு மூணா பிரிச்சிருக்காங்க. அந்த நம்பர் என்ன சொல்லுதுன்னா, இந்த வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைய கூட்டிட்டு வர்றதா இருந்தா நீங்க உக்காந்து யோசிங்கன்னு. தியேட்டர்காரர் தடுக்க மாட்டாரு, தடுக்கச் சொல்லி சட்டமும் சொல்லல, முடிவு முழுக்க உங்க கைல. எட்டு வயசுப் பையனுக்கு 16+ படம்னா பாதி வயசு. உங்களக் குத்தம் சொல்லல, யாரும் உங்களுக்கு இத விளக்கிச் சொல்லியிருக்க மாட்டாங்க, ஆனா இனிமே டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்த நம்பரப் பாருங்க, புக்கிங் பேஜ்ல படத்தோட பேருக்குப் பக்கத்துலயே இருக்கும்.

ஏ சான்றிதழ் வேற கதை. 18க்குக் கீழ உள்ளவங்களுக்கு அது கிடையவே கிடையாது, அப்பா அம்மா ரெண்டு பக்கமும் உக்காந்திருந்தாலும் கிடையாது. மீறிக் காட்டினா தியேட்டர்காரர் மேல நடவடிக்கை எடுக்க சட்டத்துல இடம் இருக்கு. அதனால வாசல்லயே நிறுத்துறாங்கன்னா அவங்க மேல கோவப்பட ஒண்ணுமில்ல, டிக்கெட் காசு திரும்ப வாங்குறதும் குதிரைக் கொம்புதான். உங்க பொண்ணோட ஃப்ரண்ட்ஸ் லிஸ்ட்ல இருக்குற ஹிட் 3 ஏ படம். கேக்குக்குள்ள ஒளிச்சு வெச்ச கத்தி மாதிரி இல்ல, வெளிலயே எழுதிப் போட்டுட்டுத்தான் வர்றாங்க. அத உங்க தடையா சொல்லாதீங்க, சட்டம்னு சொல்லுங்க, "கேட்ல வெச்சு ஃப்ரண்ட்ஸ் முன்னாடி திருப்பி அனுப்பினா உனக்குத்தான் அசிங்கம்டி"ன்னு சொன்னா 14 வயசுப் பொண்ணுக்கு டக்குனு புரியும்.

அதே படத்துக்கு மறுபடியுமா? வேண்டவே வேண்டாம்

உங்க வீட்டுக்காரர்கிட்ட இத அப்படியே படிச்சுக் காட்டுங்க. தண்ணிக்குப் பயப்படுற புள்ளய கெணத்துல தூக்கிப் போட்டா நீச்சல் வராது சார், தண்ணி மேலயும் பயம் வரும், தூக்கிப் போட்டவர் மேலயும் பயம் வரும். பயம் கொஞ்சம் கொஞ்சமா, புள்ளயோட சம்மதத்தோட, அவன் நிறுத்துன்னா நிறுத்துறோம்ங்குற உறுதியோட அணுகினாத்தான் குறையும். நாங்க பார்க்காத படமாங்குறீங்க, பார்த்தீங்க, ஆனா ஞாயித்துக்கிழம சாயங்காலம் தூர்தர்ஷன்ல, சின்ன டிவில, லைட்டு எரியுற கூடத்துல, பத்துப் பேரு சுத்தி உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டே. இப்ப இருக்குறது சுவரளவு திரை, நாலு பக்கமும் மேலயும் ஸ்பீக்கர், வெட்டு விழுற சத்தம் நெஞ்சுக்கூட்டுல இறங்குது. பையன் கண்ண மூடல கவனிச்சீங்களா, காதைப் பொத்தினான். சின்னப் பிள்ளைங்களுக்கு பாதிப் பயம் காது வழியாத்தான் போகுது.

இன்னொண்ணு, அவன் உங்களுக்குப் பயந்த பய இல்ல, உங்களுக்காகப் பயந்துக்கிட்டிருக்குற பய. இது தெரிஞ்சா நீங்க ஆம்பளப் பயன்னு சொல்ல மாட்டீங்க.

அம்மா போட்ட தடை பத்தி

சகோதரி, உங்க தடையோட நியாயம் புரியுது, ஆனா எடுத்துடுங்க. மூணு காரணம் இருந்தாலும் எனக்குப் பெருசாத் தெரியுறது ஒண்ணுதான்: உங்க பையன் இப்ப என்ன நெனைக்குறான் தெரியுமா, என்னாலதான் அக்காவுக்கு சினிமா இல்ல, என்னாலதான் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுறாங்க. பயத்தோட குத்த உணர்ச்சியும் சேந்துக்கும். அதோட தியேட்டர்னாலே அந்த ராத்திரிதான்னு மனசுல நின்னுடும், நல்லபடியா ஒரு படம் பார்த்துட்டு ஐஸ்க்ரீம் தின்னுட்டு வந்தாத்தான் அந்த நினைப்பு மேல புது நினைப்பு படியும்.

தியேட்டர் வேண்டாம், போன்ல பார்த்துக்கட்டும்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்குக் கொஞ்சம் கவலை. தியேட்டர்ல நீங்க பக்கத்துல இருந்தீங்க, மடி இருந்துச்சு. போன்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு போர்வைக்குள்ள என்ன பார்க்குறான்னு யாருக்குத் தெரியும். ஓடிடிலயும் இதே 7+, 13+, 16+ போடணும்னு 2021லருந்து விதி இருக்கு, 13+ல இருந்து மேல உள்ளதுக்கு பேரன்டல் லாக் வசதியும் கொடுத்திருக்காங்க, ஆனா நாமதான் செட்டிங்ஸ்ல போயி பூட்டணும், தானா பூட்டிக்காது.

சரி, இந்த லீவுக்கு எந்தப் படம்

2025 ஜூன் 2 ஸ்கூல் திறக்குது, அதனால கைல இருக்குறது அஞ்சு வாரம். வரப்போற படங்கள்ல ட்ரெய்லரும் கதைக்களமும் வெச்சு உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி சொல்றேன், சான்றிதழ் நம்பர் நீங்க டிக்கெட் போடுற அன்னிக்குப் பார்த்துக்கணும்.

பையனுக்கு முதல் படம் புதுப்படமா இருக்க வேண்டாம்னு சொல்வேன். விஜய் நடிச்ச சச்சின் படத்த ஏப்ரல் 18ல மறுபடி ரிலீஸ் பண்ணியிருக்காங்க, 2005ல வந்த படம், நீங்களும் வீட்டுக்காரரும் டிவில எத்தனை தடவ பார்த்திருப்பீங்க, அடுத்த சீன் என்னன்னு தெரியும், வடிவேலு எப்ப வருவாருன்னு தெரியும். உங்க ஊர்ல இன்னும் ஓடினா ஒரு மேட்னி ஷோ போங்க. என்ன வரப்போகுதுன்னு பக்கத்துல இருக்குற பெரியவங்களுக்குத் தெரியுறதுதான் பயந்த புள்ளைக்கு நல்ல மருந்து, ரீ-ரிலீஸ் படத்துல அது தானா கிடைக்குது.

மே 1ல ரெட்ரோவோட வர்ற டூரிஸ்ட் ஃபேமிலி, சசிகுமார் சிம்ரன் நடிச்சது, இலங்கைல வாழ முடியாம ஒரு தமிழ்க் குடும்பம் கடல் தாண்டி வந்து சென்னைல ஒளிஞ்சு வாழுற கதை. ட்ரெய்லர்ல சிரிப்புதான் நிறைய, ஆனா போலீஸ், மாட்டிக்குவோமோங்குற பதட்டம் எல்லாம் உள்ள இருக்கும்னு எதிர்பார்க்கலாம். பொண்ணுக்கு ரொம்ப நல்லா இருக்கும்னு தோணுது, பையனுக்கு ரெண்டு மூணு நாள் பொறுத்து, பார்த்தவங்ககிட்ட கேட்டுட்டு. மே 16ல மாமன் வருது, சூரி படம், தாய்மாமனுக்கும் அக்கா பையனுக்கும் உள்ள பாசம். கொங்கு நாட்டுல தாய்மாமன் சீரப் பத்தி யாருக்கும் விளக்கத் தேவையில்ல, உங்க தம்பி இருந்தா அவரையும் கூப்பிட்டுக்கிட்டு போங்க. அதே நாள் வர்ற சந்தானம் படம் பேய்க் காமெடி, காமெடிதானேன்னு கூட்டிட்டுப் போயிடாதீங்க, இந்த வருஷம் அது வேண்டாம்.

மே 23ல லீலோ அண்ட் ஸ்டிட்ச் வருது, சின்னப் பொண்ணும் நீலக்கலர்ல ஒரு வேத்துக்கிரகக் குட்டியும், எட்டு வயசுக்குன்னே எடுத்த மாதிரி. ஆனா உங்க பையனுக்கு மட்டும் ஒண்ணு கவனிக்கணும், அந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா கிடையாது, அக்காதான் வளக்குறா. நீங்க கேக்குற ஆளுங்க யாரும் இத உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க, ஏன்னா மத்த பிள்ளைங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல. போறதுக்கு முன்னாடி வீட்டுல வெச்சே சொல்லிடுங்க, தியேட்டர்ல திடீர்னு தெரிய வரக்கூடாது.

அப்பாவுக்கும் பொண்ணுக்கும்னு தனியா ஒரு படம் இருக்கட்டும். மே 17ல டாம் குரூஸோட மிஷன் இம்பாசிபிள் கடைசி பாகம் வருது, ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும், சான்றிதழ்ல 16+னு இருந்தா அப்பா முதல்ல பார்த்துட்டு முடிவு பண்ணட்டும். ரெட்ரோவுக்கும் அதே வழிதான்: மே 1 காலைல 9 மணி ஷோ அவரு தனியா போகட்டும், விசில் அடிக்கட்டும், பேப்பர் கிழிச்சு வீசட்டும், அவரோட சந்தோஷத்த யாரும் தடுக்கல. பார்த்துட்டு வந்து பொண்ணுக்கு ஓகேன்னு சொன்னா அவ ஃப்ரண்ட்ஸோட மறுநாள் மத்தியான ஷோ, எந்த தியேட்டர், யார் யார், யார் வந்து கூட்டிட்டு வர்றாங்கன்னு தெரிஞ்சு அனுப்புங்க. முதல் நாள் முதல் ஷோ கூட்டத்துல 14 வயசுப் பொண்ணுங்க தனியா வேண்டாம். எல்லாரும் காத்துக்கிட்டிருக்குற மணிரத்னம், கமல் படம் தக் லைஃப் ஜூன் 5தான் வருது, ஸ்கூல் திறந்தப்புறம், அதனால அந்தச் சண்டை இந்த லீவுல உங்களுக்குக் கிடையாது.

பையனோட போறப்ப மேட்னி ஷோ, ஓரத்து சீட்டு, முன்வரிசை வேண்டாம், காது மூட சின்ன ஹெட்போன் மாதிரி ஒண்ணு இருந்தா எடுத்துக்கோங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஒப்பந்தம்: கைய ரெண்டு தடவ அழுத்தினா வெளில போறோம், ஏன்னு கேக்க மாட்டோம், காசு போச்சேன்னு சொல்ல மாட்டோம். முக்கால்வாசிப் பிள்ளைங்க ஒரு தடவ சும்மா அழுத்திப் பார்ப்பாங்க, நெஜமாவே எந்திரிக்கிறீங்களான்னு. எந்திரிங்க. வாசல்ல நின்னு ஒரு பாப்கார்ன் வாங்கிக் கொடுத்து "உள்ள போலாமா"ன்னு கேளுங்க, அதுக்கப்புறம் அவன் படம் முழுக்க உக்காந்திருப்பான். பிள்ளைங்கள்ல யாருக்காவது ஃபிட்ஸ் வந்திருந்தா மட்டும் டாக்டர்கிட்ட கேக்காம போகாதீங்க, பளிச் பளிச்னு வெட்டுற லைட்டு சிலருக்கு ஆகாது.

ராத்திரிக்கு

படம் வரையச் சொல்லுங்க, அந்தச் சீன அவனே வரையட்டும், அதுக்கப்புறம் அந்தக் கதைய அவன் இஷ்டத்துக்கு மாத்தி வரையட்டும். என்கிட்ட வந்த ஒரு பையன் வீட்டு கேட்டு உயரத்துக்கு ஒரு போலீஸ்காரர வரைஞ்சு அவர் கைல லஞ்ச் பேக் கொடுத்திருந்தான், ராத்திரி முழுக்க நிக்கணும்ல, பசிக்கும்ல மிஸ்னு சொன்னான். அன்னிக்குத் தூங்கிட்டான்னு அவங்க அம்மா சொன்னாங்க.

பையன்கிட்ட அப்பா வாயால ஒரு தடவ பேசணும், "நான் எந்த ரோட்டுல வர்றேன், ஹெல்மெட் போட்டுத்தான் வர்றேன், கூட ரெண்டு பேரு வர்றாங்க"ன்னு. ஒரு லீவு நாள்ல பகல்ல பைக்ல முன்னாடி உக்கார வெச்சு அந்த வழியக் காட்டிட்டு வரட்டும், யூனிட் கேட்டு வரைக்கும். சத்தியமா ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், எட்டு வயசுக்கு அது பொய்னு தெரியும்.

பொதுவா இந்த மாதிரிப் பயம் சில வாரத்துல கரையும். மே பாதிக்கு மேலயும் தூக்கம் திரும்பலன்னா, படுக்கைல போறது கூடிச்சுன்னா, சாப்பாடு குறைஞ்சா, வெளில விளையாடவே போகலன்னா குழந்தைங்க மனநல ஆலோசகர நேர்ல பாருங்க. அதுவரைக்கும் ராத்திரில உங்களுக்கே தாங்கலன்னா 14416க்குக் கூப்பிடுங்க, டெலி மானஸ், காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசுவாங்க.

இன்னிக்கே ஆரம்பிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுக்காரர் ராத்திரி ஒன்பது மணி டீ பிரேக்ல வீட்டுக்கு ஒரு போன் போடட்டும், உங்களுக்கு இல்ல, பையனுக்கு. "தம்பி, அப்பா டீ குடிச்சிட்டு இருக்கேன், நீ படு, வந்து உன் தலைய தடவிட்டுத்தான் சாப்பிடுவேன்". வந்ததும் மறக்காம தடவணும், தூங்கிட்டிருந்தாலும்.